ஐந்து அடியும் ஒரே கையிலிருந்து விழவில்லை

கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 36 வயது. கல்யாணமாகி உப்புவெளியில் இருக்கிறேன். தாய்வீடு மூதூருக்கு அப்பால். போன வருடம் தை மாதம் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. பத்து வருடமாகப் பிரஷர் இருந்த அப்பா, பங்குனியில் பாரிசவாதம் வந்து மூன்றே நாளில் காலமானார். செத்தவீட்டுக்கும் 31ஆம் நாள் கிரியைக்கும் நகையை அடகு வைத்தோம். அதை மீட்கத்தான் தம்பி இரவிலும் ஓட்டோ ஓடினான். ஆவணியில் ஒருநாள் விடியப்புறம் கண்ணயர்ந்து மதகில் மோதிக் காலை முறித்துக்கொண்டான். ஐப்பசியில் அவன் மனைவிக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. கார்த்திகைக் கடைசியில் புயல் வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவருடைய குளிசைகளை அப்பாதான் எடுத்துக் கொடுப்பார். அப்பா போனபிறகு ஒழுங்காகப் போடவில்லை. வெள்ளத்தில் நடந்து காலில் வந்த புண் பெரிதாகி, மார்கழியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

சொந்தக்காரர் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "மருமகள் கால்வைத்த நேரம்." பெரியம்மா சாத்திரியாரிடம் கேட்டு, தோஷம் போக 85,000 ரூபாவுக்குக் கழிப்புக் கழிக்க வேண்டும் என்று வந்து நிற்கிறார். அம்மா மச்சாளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உண்மையைச் சொன்னால், சில இரவுகளில் எனக்கும் அப்படித் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது. அம்மா, "என்னையும் அவரோடயே கொண்டு போயிருக்கலாம்" என்கிறார். தம்பி சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். கிழமையில் நாலு நாள் நான் பஸ் ஏறிப் போய் வருகிறேன். அப்பாவின் செத்தவீட்டில்கூட நான் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? இவர்களை நான் எப்படித் தாங்குவது?

பதில்

தங்கச்சி, ஒரு கொப்பித் தாள் எடுங்கள். நடந்த ஐந்தையும் மாத வரிசையில் எழுதாமல், தாள் முழுக்கப் பரவலாக, தள்ளித் தள்ளி எழுதுங்கள். பிறகு, எதனால் எது வந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறதோ அங்கே மட்டும் ஒரு அம்புக்குறி போடுங்கள். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் அப்படிப் போட்டுப் பார்த்தேன்.

அப்பாவின் மரணத்திலிருந்து ஒரு கோடு அடகுக்குப் போகிறது. அடகிலிருந்து இரவு ஓட்டத்துக்கு. அங்கிருந்து நித்திரை இல்லாத கண்ணுக்கும் மதகுக்கும். அப்பாவின் மரணத்திலிருந்தே இன்னொரு கோடு அம்மாவின் குளிசைப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து காலுக்கு வருகிறது. வழியில் வெள்ளத்திலிருந்தும் ஒரு கோடு வந்து அந்தக் காலில் சேருகிறது. கரு கலைந்ததற்கு எங்கிருந்தும் கோடு இல்லை. வெள்ளத்துக்கும் இல்லை. அப்பாவின் பாரிசவாதத்துக்கு ஒரு கோடு உண்டு. அது பத்து வருடப் பிரஷரிலிருந்து, அந்தக் கல்யாணத்துக்கு வெகு காலம் முன்னாலிருந்தே வருகிறது.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். ஐந்து அடியும் ஒரே கையிலிருந்து விழவில்லை. மூன்று தனித்தனியாக வந்தவை. இரண்டு, முதல் அடி போட்ட பிள்ளைகள். "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று நம் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. பட்ட காலில் ஏன் திரும்பப் படுகிறது? நொண்டிக்கொண்டு நடப்பதால்தான். துக்கம் விழுந்த வீட்டில் காசு குறைகிறது, நித்திரை குறைகிறது, கவனம் குறைகிறது. குறைந்த இடத்தால் அடுத்தது உள்ளே வருகிறது. உங்கள் வீட்டில் நடந்ததில் பாதி இதுதான்.

மீதிப் பாதியும் எப்படி ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். தற்செயல் என்பது நாம் நினைப்பதுபோல் சீராகப் பரவி வருவதில்லை, குவிந்து குவிந்து வரும். ஒரு ரூபாக் குற்றியை 20 தரம் சுண்டி, பூவா தலையா என்று எழுதி வாருங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து நாலு தரமாவது விழுவதற்கு நூற்றுக்கு 77 பங்கு வாய்ப்பு இருக்கிறது. யாரும் குற்றியை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நாலு தரம் தொடர்ந்து தலை விழுந்தால் நம் மனம் உடனே காரணம் தேடும். அது மனத்தின் இயல்பு, உங்களை மட்டும் பிடித்த குறையல்ல. அதனால்தான் உங்களுக்கும் இரவில் அப்படித் தோன்றுகிறது. பயந்த மனம் வெறும் தற்செயலைவிட ஒரு குற்றவாளியைத்தான் விரும்பும். குற்றவாளி இருந்தால் தடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா? வெட்கப்படாதீர்கள். ஆனால் அந்த நினைப்புக்கு வீட்டுக்குள் ஒரு கதிரையும் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஏனென்றால், இந்த வீட்டில் இப்போது மிகவும் தனியாக நிற்பது உங்கள் மச்சாள்தான். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும்.

புதிதாக ஒரு வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் மாமனாரின் சாவு. ஏழு மாதத்தில் புருஷன் படுக்கையில். அப்புறம் தன் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. உங்கள் அப்பாவுக்கு எட்டுச் செலவு நடந்தது, 31 நடந்தது, ஊர் வந்து இருந்தது. மூன்று மாதத்தில் கலைந்த கருவுக்கு நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை. யாரும் வெற்றிலைத் தட்டோடு வந்து இருக்கவில்லை. அழுதால், "இன்னும் வயசிருக்கு, பிறக்கும்" என்றிருப்பார்கள். அதற்கு மேல், எல்லாவற்றுக்கும் காரணம் நீதான் என்ற பார்வை.

உறுதிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இப்படிக் கலைந்து போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் நடப்பவை. அதில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவாகும்போதே அதன் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) தற்செயலாக நேரும் பிழைதான் காரணம். ஓடி ஆடி வேலை செய்ததாலோ, மனக்கவலையாலோ, யாருடைய ராசியாலோ வருவதில்லை. வெள்ளத்தையும் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தது. மருமகள் வந்த வீடு, வராத வீடு, கோவில், பள்ளிவாசல், விகாரை என்று பார்த்தா அந்தத் தண்ணீர் புகுந்தது?

அடுத்த முறை போகும்போது அடுப்படியில் அவளோடு தனியாக இருந்து, "இது எதுவும் உன்னால் இல்லை" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் அன்பாக நடந்துகொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழி சொல்லாகத்தான் வந்தது, அதைச் சொல்லால்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் அம்மா காதில் விழும்படியும் சொல்லுங்கள். உங்கள் இரவு நினைப்பை மட்டும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். அது உங்கள் மனப்பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பதாக முடியும். அதை என்னிடம் எழுதிவிட்டீர்கள், அது போதும்.

பெரியம்மாவோடு சண்டை வேண்டாம். சாத்திரம் கேட்டு ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், என்ன செய்வதென்று தெரியாது. அந்தத் தவிப்புக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். "பெரியம்மா, செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாறீங்களா? என்னால ஏலாமல் கிடக்கு" என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பைப் பற்றி: கும்பிடுவதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் மனம் ஆறும் என்றால் பத்திரகாளி அம்மன் கோவிலில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள், கோணேசரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் 85,000 ரூபாவை வட்டிக்கு வாங்கிக் கழிப்புக் கழித்தால், நீங்கள் வரைந்த தாளில் அடுத்த அம்புக்குறி அங்கிருந்துதான் கிளம்பும். தம்பியை மதகு வரைக்கும் கொண்டு போனதும் ஒரு கடன்தானே.

இனி அம்மா. "என்னையும் அவரோடயே கொண்டு போயிருக்கலாம்" என்ற சொல்லைப் புருஷனை இழந்த பல பெண்கள் சொல்வார்கள். பல நேரம் அதன் பொருள், அவரில்லாமல் எப்படி இருப்பது என்பதுதான். சில நேரம் அதற்கும் மேலே இருக்கும். எது என்று நாமாக ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்து, அவசரப்படாமல், "அம்மா, செத்துப்போக வேணும் என்று நினைக்கிறீங்களா? ஏதாவது செய்துகொள்ள வேணும் என்று யோசிச்சிருக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு விட்டதுபோல் இருக்கும். "இல்லை மகள், உன்ர அப்பாவை நினைச்சால் அப்படி வாயில வருது" என்று அவர் சொன்னால், அப்பாவைப் பற்றி அவரைக் கதைக்க விடுங்கள். "ஓம்" என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தாலோ, தனியே விடாதீர்கள். அன்றைக்கே மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கூட்டிச் சென்று உளநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. தமிழில் கதைக்கலாம்.

இன்னொன்று. வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் ஏதாவது மிஞ்சிக் கிடந்தால் இன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள். 1995 அளவில் இலங்கையில் தற்கொலை உலகிலேயே மிகவும் கூடிய அளவில் இருந்தது. நஞ்சு கூடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபிறகு, அடுத்த 20 வருடங்களில் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. அந்த 20 வருடத்தில் யுத்தமும் இருந்தது, கடற்கோளும் இருந்தது, கவலைகள் ஒன்றும் குறையவில்லை. சாக நினைக்கும் அந்தப் பொல்லாத பத்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லை, அவ்வளவுதான். இந்த உளவளத்துணைத் தொழிலில் நான் அறிந்தவற்றுள் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது இதுதான். அதனால்தான் போத்தலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவின் குளிசைகளைத் தம்பியின் கையில் கொடுங்கள். உங்கள் கையில் அல்ல, தம்பியின் கையில். அவனால் நடக்க முடியாது. ஆனால் மணி பார்க்க முடியும், "அம்மா, சாப்பிட்டாச்சா? இந்தாங்கோ" என்று சொல்ல முடியும், இரவில் டோர்ச் அடித்து இரண்டு பாதத்திலும் புதுக் காயம், சிவப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் நோவு தெரியாமல் போகக்கூடும் என்பதால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இதில் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது. மருந்து நேரத்துக்குப் போகிறது. மருந்துப் பெட்டி ஒரு பொறுப்பான கையில் இருக்கிறது. அப்பா செய்த வேலை மகனிடம் வந்து சேர்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவனுக்கு ஆறுதல் சொல்வதைவிட ஒரு வேலை கொடுப்பது பெரிய மருந்து என்று நான் நம்புகிறேன். கடன் கட்ட ஓடி, விழுந்து, இப்போது தானே பாரமாகிவிட்டேன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். "கவலைப்படாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவனுக்கு அது "உன்னால் ஒன்றும் இல்லை" என்றுதான் கேட்கும்.

ஓட்டோ லீசிங்கில் இருந்தால் அந்த விஷயத்தையும் அவனே கையாளட்டும். தவணை தப்பிப்போய் அவர்கள் தேடி வருவதற்கு முன், மருத்துவ அறிக்கையின் பிரதியோடு தவணையை மாற்றியமைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். காப்புறுதிக்கு விண்ணப்பித்தாயா என்று கேளுங்கள். வெள்ளப் பாதிப்புப் பட்டியலில் வீடு ஏறியிருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்க வேண்டும். இதெல்லாம் உளவளத்துணையாளர் பேசும் விஷயமா என்று தோன்றலாம். காசுக் கவலையால் வந்த நித்திரையின்மைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் வாழ்க்கையில் நடக்கும் 43 மாற்றங்களுக்கு ஒவ்வொரு புள்ளி கொடுத்து ஒரு அளவுகோல் செய்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100. நெருங்கிய குடும்பத்தவர் மரணத்துக்கு 63. தனக்கு ஏற்படும் காயத்துக்கோ நோய்க்கோ 53. பலருக்கும் ஆச்சரியம் தருவது, கல்யாணத்துக்கும் 50 புள்ளி. நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்றால் உடம்பு அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. புள்ளி கூடக் கூட அடுத்த காலத்தில் நோய்வாய்ப்படும் வாய்ப்பும் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். உங்கள் தம்பிக்கு எட்டு மாதத்தில் 50ம் 63ம் 53ம் சேர்ந்தன. அதற்கு மேல் பிள்ளை, வெள்ளம், கடன். எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ஆனால் அவன் சோம்பேறியாகப் படுத்திருக்கவில்லை என்பதை அந்த எண்கள் உங்களுக்குச் சொல்லட்டும்.

தாங்குவது எப்படி என்று கேட்டீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலாவெளிப் பக்கத்தில் பாடசாலை முகாம் ஒன்றில் நான் வேலை செய்தேன். அப்போது நானும் இந்தத் தொழிலுக்குப் புதிது. ஆட்களை வட்டமாக இருத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னோம். சொன்னால் பாரம் குறையும் என்று நம்பினோம். சிலர் சொல்லிவிட்டு இரவெல்லாம் நடுங்கினார்கள். சிலர் எங்களைக் கண்டதும் வேறு பக்கம் போனார்கள். அதே முகாமில், தன் குடும்பத்தில் மூன்று பேரைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா, பின்னேரமானதும் ஒரு சீப்பையும் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு படியில் இருப்பார். பெண் பிள்ளைகள் வரிசையாக வந்து முன்னால் இருப்பார்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். தலை வாரி, இழுத்துப் பின்னிவிடுவார். பின்னும்போது பிள்ளைகள் தாங்களாகவே ஏதாவது சொல்வார்கள். சொல்லாத பிள்ளைக்கும் பின்னல் உண்டு. எங்கள் வட்டத்தில் நடக்காதது அந்தப் படியில் நடந்தது. 2011இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட உள முதலுதவிக் கையேடு, பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் வழி சொல்கிறது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே என்றும் சொல்கிறது. அதை வாசித்தபோது எனக்கு அந்தச் சீப்புத்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே, போகும்போது நல்ல வார்த்தைகளைத் தயார்படுத்திக்கொண்டு போகாதீர்கள். "எல்லாம் நன்மைக்குத்தான்", "உன்னைவிட மோசமாகப் பட்டவர்கள் எத்தனை பேர்", "தைரியமாக இரு" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். அவை கேட்பவரின் வாயை அடைப்பவை. அம்மா அழுதால் தண்ணீர் கொண்டு ஓடிவந்து அழுகையை நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இருங்கள். "என்ன உதவி வேணும் என்றாலும் கேளுங்கோ" என்றும் சொல்லாதீர்கள். களைத்துப்போனவருக்கு உதவி கேட்பதே ஒரு வேலை. "வியாழக்கிழமை மத்தியானம் சோறு கொண்டு வாறன்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

இதை உங்கள் சொந்தக்காரருக்கும் அயலவர்க்கும் சேர்த்தே எழுதுகிறேன். எட்டு வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். 31க்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் கிரியை முடித்து, வந்து சாப்பிட்டு, எல்லாரும் எழும்பிப் போவார்கள். நம் சடங்குகள் மிகவும் நல்லவை, ஒரு மாதம் ஒரு குடும்பத்தை விழவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. 32ஆம் நாளிலிருந்துதான் வீடு வெறிச்சென்று கிடக்கும். அந்தக் குடும்பம் உண்மையில் தனித்துப்போவது அன்றிலிருந்துதான். துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்கள், நாட்காட்டியில் 45ஆம் நாளையும் 60ஆம் நாளையும் குறித்து வைத்து, இரண்டு தேங்காயோடு போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் எவ்வளவோ மாறும். அப்படி ஒருவர் போயிருந்தால் உங்கள் அம்மாவின் குளிசை விடுபட்டதை யாராவது சித்திரையிலேயே கண்டிருப்பார்கள்.

இனி நீங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாரும் வருகிறார்கள். உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் கோபமாக இருக்கிறாரா, உதவியாக இருக்கிறாரா, நீங்கள் அவரிடம் எதையும் கேட்கவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்காவிட்டால் கேளுங்கள். நாலு நாளில் ஒரு நாளை அவர் எடுக்கலாம். இன்னொன்றைப் பெரியம்மா எடுக்கலாம். இரண்டு நாள் நீங்கள் போனால் போதும். நீங்கள் போகாத நாளில் ஏதும் நடந்துவிடுமோ என்று முதல் இரண்டு கிழமை நெஞ்சு பதறும். பதறட்டும், போகாதீர்கள். அந்தத் தாளில் அடுத்த அம்புக்குறி யாரை நோக்கி நிற்கிறது என்று பாருங்கள் தங்கச்சி. அது உங்களை நோக்கித்தான் நிற்கிறது. வெட்ட வேண்டிய கோடு அதுதான்.

அழுகை வரவில்லை என்பது அன்பு இல்லை என்பதல்ல. செத்தவீட்டில் பந்தல்காரனுக்குச் சொன்னது, ஐயருக்குச் சொன்னது, அம்மாவைப் பிடித்திருந்தது எல்லாம் நீங்கள். அதற்குப் பிறகு அழுவதற்கு இடம் கிடைப்பதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. மனம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. பாதுகாப்பாக ஒரு இடமும் நேரமும் வந்தால் தானாகத் திறக்கும். எதிர்பாராத நேரத்தில், கடையில் அப்பா வாங்கும் சுருட்டைக் கண்டு திறக்கலாம். பயப்படாதீர்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராமல் இருந்தால், சாப்பாட்டில் மனம் இல்லாமல், எதிலும் ஒரு விருப்பமும் இல்லாமல், காலையில் எழும்புவதே மலைபோல் தோன்றினால், அம்மாவுக்காக அல்ல, உங்களுக்காக உளநலக் கிளினிக்குக்குப் போங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. பொறுமையாக இருந்து பார்ப்போம் என்று ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டாம்.

பங்குனியில் அப்பாவின் ஆட்டைத் திவசம் வருகிறதல்லவா? கடன் படாமல், வீட்டளவில் செய்யுங்கள். அன்றைக்கு நீங்கள் அடுப்படிக்குப் போக வேண்டாம். அப்பாவுக்குப் பிடித்த கறிகள் எவை, அவருக்கு எவ்வளவு உறைப்பு வேண்டும் என்று அம்மா கதிரையில் இருந்தபடி மச்சாளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அவரை இரண்டு மாதம்தானே தெரியும், அவரைப் பற்றிக் கேட்க அவளுக்கு எவ்வளவோ இருக்கும். நீங்கள் திண்ணையில் தம்பிக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.